சுடலைமுத்து ஏறிய விமானம்

அன்புள்ள அண்ணாச்சி,

இன்று காலை என் கிரெடிட் கார்டில் ஒரு விமான டிக்கெட் எடுத்தேன். எனக்கில்லை, இன்னொருவருக்கு. ஃபோன் திரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தது. எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி. எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் கொடுத்தேன். பிறகு 'பயணியின் பெயர்' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கையில் இருந்த காபி புடவையெல்லாம் கொட்டிவிட்டது. எங்காத்துக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "என்னடி ஆச்சு உனக்கு?" என்றார். "அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னும் நீங்கள் ஒருவர்தான் அர்த்தம்.

மலையாள தேசத்தில், பழவங்காடிப் பிள்ளையார் வாசலில் உங்கள் தேங்காய்க் கடை. கடை என்ன பெரிய கடை, நாலு பலகை, மேலே ஒரு தகரம், உரித்த காய்கள் ஒரு குவியல். தகரத்துக்குக் கீழே 'சுடலைமுத்து தேங்காய்க் கடை' என்று மலையாளத்திலும் தமிழிலும் மங்கிப்போன ஒரு போர்டு. நான் கரமனையிலிருந்து பஸ்ஸில் வந்து கிழக்கேகோட்டையில் இறங்குவேன். பிள்ளையாருக்கு ஒரு காய் உடைத்துவிட்டுத்தான் பேங்குக்கு நடப்பேன். உடைத்துவிட்டு என்று சும்மா சொல்கிறேன், உடைப்பது நீங்கள். ஒரு காயை எடுத்துக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்த்து, அழுகல் இல்லை என்று தெரிந்த பிறகு என் பெயரில் ஓங்கிப் போடுவீர்கள். பொம்பளை காய் உடைக்கக்கூடாது என்பது உங்கள் சட்டம். பேங்கில் மேனேஜரையே எதிர்த்துப் பேசுகிற நான், பதினோரு வருஷம் அந்தச் சட்டத்துக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு அடங்கி நடந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

வேறொரு விஷயத்தில் நான் வாயை மூடவே இல்லை. அது உங்கள் மகள் பேச்சியம்மாள் விஷயம். தாய்மாமன் வீட்டில் தங்கித் திருநெல்வேலியில் படித்துக்கொண்டிருந்தவளுக்கு மெட்ராஸில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. நீங்களோ அவளை உங்கள் அக்கா மகனுக்கென்று பேசி முடித்திருந்தீர்கள். அவள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் ரயிலில் ஏறிவிட்டாள். அக்கா வீட்டில் உங்கள் தலை குனிந்தது. "இனி அவ மொவத்துல முழிக்க மாட்டேன்" என்றீர்கள். சொன்னபடியே செய்தீர்கள். அவள் லீவுக்கு வந்தால், அவள் இருக்கும் வரைக்கும் உங்களுக்குச் சாப்பாடு கடைக்கே வரும்.

"பொண்ணு டாக்டருக்குப் படிக்கறா. நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கேள். நன்னாவா இருக்கு அண்ணாச்சி?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது நான் கேட்பேன்.

"பேங்கம்மா, ஒங்களுக்குக் காய் வேணுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க" என்பீர்கள்.

இப்படியே ஆறு வருஷம் போனது. எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, எட்டரை மணி சுமாருக்கு நான் வந்தபோது, நீங்கள் வியாபாரத்தைக் கவனிக்காமல் பலகையில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் உடைந்த தேங்காய் ஒன்று. அதற்குள்ளே வெள்ளையாக, உருண்டையாக, முழுசாகப் பூ. காயைத் தட்டினாலே உள்ளே பூ வைத்திருக்கிறதா இல்லையா என்று சொல்கிற காது உங்களுக்கு. அன்றைக்கு அந்தக் காது உங்களைக் கைவிட்டிருந்தது.

"காய்ல பூ வந்தா நல்லதுன்னு சொல்லுவாளே. யாருக்கு உடைச்சேள்?" என்று கேட்டேன்.

"பேச்சிக்கு" என்றீர்கள். பிறகு தலையைத் தூக்காமலே, "தெனமும் மொதக் காய் அவளுக்குத்தான் பேங்கம்மா."

கடை திறந்ததும் நீங்களே ஒரு காயை உடைப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வியாபாரம் நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொன்ன மகளுக்காக, ஆறு வருஷமாக, ஒரு நாள் தவறாமல்! எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இதை அந்தக் கொழந்தைகிட்ட ஒரு தடவை சொல்லப்படாதா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துப் பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓர் அச்சடித்த அழைப்பை எடுத்து நீட்டினீர்கள். மெட்ராஸில் பட்டமளிப்பு விழா. அன்று மாலை ஐந்து மணிக்கு. உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், இரண்டு நாள் முன்னாலேயே ரயிலேறிப் போயாயிற்று. நீங்கள் வீம்புக்கு நின்றுவிட்டீர்கள். அழைப்பின் அடியில் பேச்சி தன் கையால் எழுதியிருந்தாள்: 'அம்மா பக்கத்தில் ஒரு நாற்காலி உங்களுக்காகக் காலியாக இருக்கும் அப்பா.'

"பிள்ளையாரு பூவைக் காட்டிப் போன்னுதாரு. நேத்தே ரயிலு போயிட்டே பேங்கம்மா" என்றீர்கள். இன்றைக்கு மத்தியானம் கிளம்புகிற ரயில் மறுநாள் காலைதான் மெட்ராஸ் போய்ச் சேரும். உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

"ரயில் போனா என்ன? ப்ளேன் இருக்கே" என்றேன்.

"வெளாடாதீய."

கையில் இருந்த பணத்தையெல்லாம் முன்பே அக்காவிடம் கொடுத்தனுப்பிவிட்டிருந்தீர்கள். கல்லாவில் காலை வியாபாரத்துச் சில்லறைதான் கிடந்தது. ஆனால் என் கைப்பையில் அந்த அட்டை இருந்தது. எங்கள் பேங்கில் ஆபீசர்களுக்கு அப்போதுதான் கிரெடிட் கார்டு கொடுத்திருந்தார்கள். "கடன் சொல்லிச் சாமான் வாங்கற குடும்பமா நாம? உள்ளே வை" என்று எங்காத்துக்காரர் அதை இரும்பு அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். மறுநாளே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்க, என் பெயரை மட்டும் தாங்கிய அந்தத் துண்டு பிளாஸ்டிக்கை விரலால் தடவிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அதை வைத்து அதுவரை ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை.

"ஆத்துக்குப் போய்க் குளிச்சு, நல்ல சட்டையாப் போட்டுண்டு நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்கோ. டிக்கெட்டோட நான் அங்க நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடினேன்.

ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கத்தில், மாடியில் ஒரு டிராவல் ஏஜென்சி. அதன் கண்ணாடிக் கதவில் என் அட்டையைப் போலவே ஒரு படம் ஒட்டியிருப்பதை பஸ்ஸிலிருந்து பார்த்து வைத்திருந்தேன். கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தேன். அரும்பு மீசை வைத்த ஒரு மலையாளி இளைஞன் உட்கார்ந்திருந்தான். மெட்ராஸுக்குப் பன்னிரண்டே கால் விமானத்தில் இடம் இருக்கிறது என்றான். எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது.

"பேசஞ்சரோட பேர் பறயணும் சேச்சி."

"அண்ணாச்சி" என்றேன். அவன் எழுத ஆரம்பித்துவிட்டான்.

"இருங்கோ, இருங்கோ" என்று தடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷமாக உங்களிடம் சண்டை போடுகிறேன், உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் மகள் பெயர் தெரியும், உங்கள் அக்கா மகன் பெயர்கூடத் தெரியும். உங்களைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. பூக்கடைக்காரிக்கு நீங்கள் அண்ணாச்சி, போலீஸ்காரருக்கு அண்ணாச்சி, கோவில் அர்ச்சகர் மேல்சாந்திக்கும் அண்ணாச்சி. ஃபோன் போட்டுக் கேட்க உங்களிடம் ஃபோனும் இல்லை. கண்ணை மூடி உங்கள் கடையை நினைத்துப் பார்த்தேன். போர்டு தெரிந்தது.

"சுடலைமுத்து" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

அட்டையை நீட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஹஸ்பெண்டோட கார்டாணோ? அப்போ சார் வந்து சைன் செய்யணுமே."

"சாருக்கு இதுல ஒரு வேலையும் இல்லை. என்னோட கார்டாக்கும். பேரைப் படிச்சுப் பாருங்கோ."

"அப்போ டிக்கெட் சாருக்கோ?"

"இல்லை."

"பின்னே இந்த சுடலைமுத்து சேச்சிக்கு ஆராணு?"

என்ன சொல்ல? "எனக்குத் தேங்காய் உடைச்சுத் தரவர்" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தான். தொலைந்துபோன, திருட்டுப்போன கார்டுகளின் எண்கள் அச்சிட்ட புத்தகம். பக்கம் பக்கமாக விரலை ஓட்டினான். என் எண் அதில் இல்லை. அப்புறம், இவ்வளவு பெரிய தொகைக்குக் கொச்சி கார்டு ஆபீசில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று ஃபோனைச் சுழற்றினான். லைன் கிடைக்கவில்லை. மறுபடி சுழற்றினான். கிடைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால். பிள்ளையாரே, இந்த லைனைக் கொடுத்துவிடு, நூற்றெட்டுக் காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கடைசியில் கிடைத்தது. அட்டையை ஓர் இரும்பு மெஷினில் வைத்து, கார்பன் தாளை மேலே போட்டு, 'சரக், சரக்' என்று இழுத்தான். என் பெயர் தாளில் நீலமாகப் பதிந்தது. பேங்கில் நாள் முழுவதும் கையெழுத்துப் போடுகிறவள்தான் நான். அந்த ஒரு கையெழுத்தை மட்டும் முத்து முத்தாக, முழுப் பெயராகப் போட்டேன். அவ்வளவு பெருமை அண்ணாச்சி.

பதினொன்றே காலுக்கு நான் ஏர்போர்ட்டில் இறங்கியபோது நீங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் ஒரே ஒரு தேங்காய். டிக்கெட்டைக் கையில் திணித்து, "போங்கோ, சீக்கிரம்" என்றேன்.

"மணி என்ன ஆவுது?"

"பதினொண்ணே கால்."

"அப்ப ராகு காலம்லா. பன்னெண்டு அடிக்கட்டும், வாசப்படி தாண்டுதேன்."

"ப்ளேன் பன்னெண்டே காலுக்காக்கும் அண்ணாச்சி! அதுக்கு முன்னாடியே கதவைச் சாத்திடுவா!"

நீங்கள் போய்ச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் கெஞ்சினேன். திட்டினேன். பூவைக் காட்டின பிள்ளையார் ராகுவைப் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன். "அவரு வேற டிபார்ட்மெண்டு, இவரு வேற" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தத் தேங்காயைப் பிடுங்கி உங்கள் தலையிலேயே உடைத்திருப்பேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "எனக்கு ஏதும் ஆனா ஆவட்டும். கெட்ட நேரத்துல பொறப்பட்டுப் போயி எம்மவளுக்கு ஒண்ணு ஆயிட்டா?" நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி காலியாகத்தான் இருக்கப்போகிறது என்று மனசு விட்டுப்போயிற்று.

பதினொன்றே முக்காலுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. மெட்ராஸ் போகும் பயணி மிஸ்டர் சுடலைமுத்து உடனே உள்ளே வரவும் என்று ஒரு பெண் குரல், முதலில் இங்கிலீஷில், பிறகு மலையாளத்தில்.

நீங்கள் சடாரென்று எழுந்து நின்றீர்கள். முகம் வெளிறிவிட்டது.

"எங்கய்யா" என்றீர்கள். "எங்கய்யா பேரைக் கூப்பிடுதாவ."

டிக்கெட்டை எட்டிப் பார்த்தேன். "அது உங்க பேரில்லையா?"

"எங்கய்யா பேருல்லா அது! அவிய செத்து இருவது வருசம் ஆச்சே!"

போர்டில் இருந்தது உங்கள் அப்பா பெயர். தலையில் சுமையோடு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நடந்தே வந்து, பழவங்காடியில் முதல் காயை விற்றவரின் பெயர். அவர் போன பிறகும் நீங்கள் அதை மாற்றவில்லை. நான்தான் தப்புப் பண்ணிவிட்டேன், இனி டிக்கெட் செல்லுமோ செல்லாதோ என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில் ஒலிபெருக்கி இரண்டாம் தடவையும் அழைத்தது. மிஸ்டர் சுடலைமுத்து.

நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டீர்கள். "அய்யா கூப்பிட்டா நேரம் பாக்கப்பிடாது பேங்கம்மா" என்றீர்கள். ஓடினீர்கள். ஐம்பத்தைந்து வயசில், மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ராகு காலத்தில், அந்த வாசற்படியை ஒரே எட்டில் தாண்டினீர்கள்.

"அப்ப உங்க பேர்தான் என்ன அண்ணாச்சி?" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.

திரும்பிப் பார்த்து நீங்களும் கத்தினீர்கள். கையில் சுடலைமுத்து டிக்கெட், வாயில் வேறொரு பெயர். நல்லவேளை, வாசலில் நின்ற போலீஸ்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நாளில் மெட்ராஸ் போகிறவரிடம் அடையாள அட்டை காட்டு என்று யாரும் கேட்பதும் இல்லை. விமானம் தரையை விட்டுக் கிளம்பியபோது நான் வெளியே வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். "ஜெயிச்சுட்டோம்!" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு டாக்ஸிக்காரர் யார் என்ன என்று சுற்றுமுற்றும் தேடினார்.

மீதியைத் திங்கட்கிழமை நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். பையைச் சோதித்த அதிகாரி தேங்காயை வெளியே எடுத்து இது எதுக்கு என்று கேட்டாராம். "எம்மவ இன்னிக்கு டாக்டர் ஆவுதா. ஒடைக்கதுக்கு" என்றீர்களாம். அவர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, பைக்குள் திரும்ப வைத்தாராம். விழா மண்டபத்துக்கு நீங்கள் போய்ச் சேர்ந்தபோது பெயர்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். அக்கா பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்ததை மேடைக்குப் போகும் வரிசையில் நின்ற பேச்சி பார்த்துவிட்டாள். கறுப்பு அங்கியோடு அவள் அங்கேயே அழுதாள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் நீங்கள் நாற்காலி மேல் ஏறி நின்று, "எம் மவ!" என்று மண்டபம் அதிரக் கத்தினீர்களாம். முன்வரிசைப் பெரிய மனிதர்களெல்லாம் திரும்பினார்களாம். இதைச் சொல்லும்போது உங்களுக்குக் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். வெளியே படிக்கட்டில் தேங்காயை எடுத்தீர்கள். ஓங்கினீர்கள். ஓங்கிய கையை இறக்கி, காயைப் பேச்சியிடம் கொடுத்தீர்கள்.

"நீ ஒடை தாயீ" என்றீர்கள்.

அவள் உடைத்தாள். ஒரே போடு. சில்லுகள் படிக்கட்டெல்லாம் சிதறின. ஓடிவந்து அதட்டிய காவல்காரர் விஷயம் தெரிந்ததும் ஒரு சில்லைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாராம்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அந்தத் திங்கட்கிழமை ஒரு காயைத் தட்டிப் பார்த்து என் கையில் கொடுத்தீர்கள். "இனி நீங்களே ஒடைங்க பேங்கம்மா" என்றீர்கள். பதினோரு வருஷத்துச் சட்டம் அவ்வளவு சுளுவாக ஒழிந்தது. என் முதல் காய் உடையாமல் உருண்டு போய்ப் போலீஸ்காரர் பூட்ஸில் முட்டி நின்றது. பூக்கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது வீச்சில் இரண்டாகப் பிளந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு ஒரு பத்து வயசு குறைந்தது. வேண்டிக்கொண்ட நூற்றெட்டையும் நானேதான் உடைத்தேன். தோள் ஒரு வாரம் வலித்தது. டிக்கெட் பணத்தை எப்போது கொடுத்தீர்கள் என்பதெல்லாம் இந்தக் கடிதத்தில் எதற்கு? கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

பெயரைத் தப்பாகக் கொடுத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தப்பே இல்ல. எம் பேரைப் போட்டிருந்தீயன்னா நான் அந்தப் பெஞ்சுலயே இருந்திருப்பேன். நடந்து வந்த மனுசன் பறந்து போனாருல்லா."

இப்போது பேச்சிக்குத் தலை நரைத்துவிட்டது. மெட்ராஸில் பெரிய டாக்டர். உங்கள் முதல் வருஷத் திதிக்கு வருகிறாள். அவளிடம் மூன்று கார்டு இருக்கிறது. "நானே போட்டுக்கிடுதேன் அத்தை" என்றாள். "உங்கப்பாவுக்கு டிக்கெட் போட்டவ நானாக்கும். உனக்கும் நான்தான் போடுவேன்" என்று அடக்கிவிட்டேன்.

பயணியின் பெயர் என்ற கட்டத்தில் பேச்சியம்மாள் என்று போட்டேன். அதோடு விடவில்லை. இன்னொரு பெயரும் வேண்டும் என்று கேட்டது. நம் பெண்களுக்கு இன்னொரு பெயர் ஏது, இனிஷியல்தானே? அப்பாவின் பெயரைத்தான் விரித்து எழுத வேண்டும். அன்றைக்கு வாசற்படியில் நின்று நீங்கள் கத்தினீர்களே, அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். நேரில் ஒரு நாளும் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இந்தக் கடிதத்திலும் அதை எழுதப்போவதில்லை. டிக்கெட்டில் இருக்கிறது, அது போதும்.

விவரத்தைச் சொன்னதும் பேச்சி தயங்கினாள். "அத்தை, வெள்ளிக்கிழமை பதினொண்ணே காலுன்னா ராகு காலம்லா?"

ராகு காலம்தான் அண்ணாச்சி. தெரிந்தேதான் போட்டேன்.

இப்படிக்கு,
இன்றும் தன் காயைத் தானே உடைக்கும்
உங்கள் பேங்கம்மா